பிள்ளைகளை நடக்கச் சொல்லும் முன் பாதையை ஒருமுறை நடந்து பாருங்கள்

"பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போக வேண்டும்" என்று நீலகிரியில் யாராவது மேடையேறிப் பேசினால், கேட்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சிரிப்புதான் வரும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும், ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் இன்றைக்கும் நடந்துதான் வருகிறார்கள். அவர்களுக்கு யாரும் ஊக்கம் ஊட்டவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான். இந்தப் பேச்சு உண்மையில் வீட்டு வாசலில் கார், ஜீப், ஸ்கூட்டர் நிற்கும் குடும்பங்களுக்கானது. ஆனால் இரண்டு கூட்டமும் போவது ஒரே ரோட்டில். ஒரு பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட வரும் ஜீப்தான், ஓரமாக நடந்து வரும் இன்னொரு பிள்ளையைச் சாக்கடைக்குள் இறங்க வைக்கிறது. அதைப் பார்த்து அந்தப் பிள்ளையின் அம்மாவும் மாதக் கடைசியில் கடன் வாங்கியாவது மேக்ஸி கேப்புக்குப் பணம் கட்டுகிறார்.

அதனால் வேலையை எந்த முனையில் தொடங்குவது என்பதில் குழப்பமே வேண்டாம். ஏற்கெனவே நடப்பவர்களின் பாதையை முதலில் சரிசெய்ய வேண்டும். அது சரியாக இருந்தால் மற்றவர்கள் தாமாக வந்து சேருவார்கள். பேச்சுப் போட்டியும் வண்ணப் பதாகையும் வைத்து ஒரு நாள் நடைவிழா நடத்திவிட்டு, மறுநாளே பழையபடி பள்ளி கேட்டருகே இருபது வண்டி நிற்பதில் யாருக்கும் லாபமில்லை.

தூரத்திலிருந்து ஆரம்பிப்போம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கீழ் வந்த மாதிரி விதிகள், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி 1 கி.மீ. நடை தூரத்துக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலானது 3 கி.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. அதிலேயே மலைக்காரர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. நிலச்சரிவு, வெள்ளம், சாலை இல்லாமை போன்ற ஆபத்துள்ள கடினமான நிலப்பகுதிகளில் இந்தத் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைய வேண்டும் என்பது அது. காரணம் மலையில் வாழும் எவருக்கும் தெரியும்: இங்கே 1 கி.மீ. என்பது 1 கி.மீ. அல்ல.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சமதளத்தில் ஒரு சின்னப் பிள்ளை மணிக்குச் சுமார் 3 கி.மீ. நடக்கும். அப்படியானால் 1 கி.மீ.க்கு இருபது நிமிடம். மலையேறுபவர்களின் பழைய கணக்குப்படி, பெரியவர்களுக்கு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம் கூடும். பையோடு ஏறும் பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். பள்ளி வீட்டைவிட 100 மீட்டர் கீழே இருந்தால் காலையில் இருபது நிமிடத்தில் இறங்கிவிடும் பிள்ளை, மாலையில் வீடு ஏற முப்பத்தைந்து நிமிடம் எடுக்கும். அதுவும் களைத்து, பசித்து, பெரும்பாலும் மழை பிடிக்கும் நேரத்தில். பலரும் காலை நடையை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். திட்டம் கவிழ்வது மாலையில்தான். பள்ளி கீழே, வீடு மேலே என்று இருக்கும் குடும்பங்கள் முதல் மாதம் காலையில் மட்டும் நடந்து, மாலையில் இலவச பஸ் பாஸில் வரட்டும். அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

அடுத்தது பாதையைப் பார்ப்பது. இதற்கு ஞாயிற்றுக்கிழமை உதவாது. பள்ளி நாளில், பள்ளி நேரத்தில், ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் வேகத்தில் நடக்க வேண்டும். சந்தேகமான இடங்களில் குனிந்து, பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்து பாருங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிகிற ரோடு அதற்குத் தெரியாது. நின்றுகொண்டிருக்கும் ஜீப்பின் மூக்கு, வளைவில் உள்ள தடுப்புச் சுவர், ஓரத்தில் மண்டிய உண்ணிச்செடி எல்லாமே அதற்கு மதில். ஓட்டுநருக்கும் அதே கதைதான். மதிலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நிற்பது அவருக்குத் தெரியாது.

ரோட்டைக் கடக்கும் இடத்தைத் தேர்வு செய்ய ஒரு எளிய சோதனை உண்டு. கடக்க நினைக்கும் இடத்தில் ஒருவர் நின்று, வளைவில் வண்டி தலைகாட்டிய நொடியிலிருந்து தன்னைத் தாண்டும் வரை போனில் நேரம் பார்க்க வேண்டும். மலை ரோட்டின் அகலம் 6 மீட்டர் என்று வைத்தால், சின்னப் பிள்ளை கடக்க ஆறு நொடி ஆகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த ஆறு நொடியில் 50 மீட்டர் வந்துவிடும். ஆகவே பத்து நொடிக்குக் குறைவாக நேரம் கிடைக்கும் இடத்தைக் கடக்கும் இடமாக வைக்காதீர்கள். ஐம்பது அடி தள்ளி இன்னொரு இடத்தில் பாருங்கள். மேலிருந்து வரும் வண்டியையும் கீழிருந்து வரும் வண்டியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இறக்கத்தில் வருவது ஈர ரோட்டில் நிற்க இன்னும் அதிக தூரம் எடுக்கும். இன்னொன்று: பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளந்து முடிவெடுக்கும் திறன் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. "பாத்துப் போடா" என்று சொல்லி அனுப்புவது போதாது. கடக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

நடைமேடை இல்லாத ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் நடப்பதுதான் பொது விதி. சமவெளியில் இது போதும். மலையில் இந்த விதி வளைவுக்கு வளைவு மாறும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே இல்லை. ரோடு வலப்பக்கம் திரும்பும் வளைவில் வலது ஓரம் நடந்தால் நீங்கள் வளைவின் உள்பக்கம் இருக்கிறீர்கள். பெரும்பாலும் அங்கே வெட்டப்பட்ட மண் திட்டுதான் இருக்கும். எதிரே வருபவர் அந்தத் திட்டைத் தேய்த்துக்கொண்டு வருவார். திரும்பிய பிறகுதான் உங்களைப் பார்ப்பார். அதனால் வளைவுக்கு 30 மீட்டர் முன்பே, பார்வை தெளிவாக இருக்கும் நேர்ப் பகுதியில், இடது ஓரத்துக்கு மாறி, வளைவைத் தாண்டி நேரானதும் திரும்ப வலதுக்கு வர வேண்டும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் வலது ஓரமே வெளிப்பக்கம். அங்கே மாறத் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவில் எப்போதும் உள்பக்கம் நிற்கக் கூடாது. பஸ்ஸின் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்ளே வெட்டி வரும். பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்கு வெளியே நின்று, அது முழுதாகத் திரும்பிய பிறகு நடக்க வேண்டும்.

இதைவிட நுணுக்கமான ஒரு ஆபத்து உண்டு. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இறங்கும் கார் எங்கே ஒதுங்குகிறது? தன் இடது ஓரத்துக்கு. ஏற்றத்தில் வலது ஓரமாக எதிரே ஏறி வரும் பிள்ளை நிற்பதும் அதே ஓரம்தான். பின்னால் பஸ் உறுமிக்கொண்டு ஏறும்போது ஓட்டுநரின் கண் பஸ் மேலேயே இருக்கும், பிள்ளை மேல் இருக்காது. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வழக்கத்தைக் கற்றுக் கொடுக்கலாம்: முன்னாலும் பின்னாலும் வண்டிச் சத்தம் ஒன்றாகக் கேட்டால் நடையை நிறுத்து, ரோட்டை விட்டு இறங்கு, இரண்டும் போகட்டும். இறங்கி நிற்க இடம் வேண்டுமே என்றால், அதுதான் கேட்டுப் பெற வேண்டிய வசதி. பத்து லட்சம் ரூபாயில் நடைமேடை கேட்டால் பல ஆண்டு ஆகும். ஐம்பது மீட்டருக்கு ஒரு இடத்தில் சாக்கடை மேல் நாலடி நீளக் கான்கிரீட் பலகை போட்டு, அதற்கப்பால் மண்ணை வெட்டிச் சமன்செய்து கேட்டால் வார்டு உறுப்பினரே முடித்துக் கொடுப்பார்.

குன்னூரிலிருந்து ஊட்டி வரை ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் வேறொரு சபலம் உண்டு. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் பக்கம் ரோட்டைவிடத் தண்டவாளத்தில் ஏற்றம் குறைவு, வண்டிகளும் இல்லை. ஆனால் ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவுப்படி அது குற்றம். அதைவிடப் பெரிய சிக்கல், பாலத்திலும் குகையிலும் ஒதுங்க இடமே கிடையாது என்பது. மெதுவாக வரும் ரயில்தானே என்று எந்தப் பெரியவரும் அதில் கூட்டிப் போக வேண்டாம்.

எஸ்டேட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் ரோட்டைவிடச் சிறந்தது. அதன் எதிரி வண்டியல்ல, புதரும் பாசியும்தான். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் முன் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, பாதையின் இருபக்கமும் இரண்டு மீட்டர் அகலத்துக்கு உண்ணிச்செடி, செந்தட்டி, தாழ்ந்த சீகைக் கிளைகளை வெட்டிவிட வேண்டும். எஸ்டேட் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தால் மேஸ்திரி மூலம் இரண்டு ஆள் வேலைக்குள் முடியும். கல் படிகளில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் தூவி, கம்பித் துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். மண் படிகளில் சரளைக் கல் கொட்டுவது வீண். ஒரே மழையில் கீழே ஓடிவிடும். படி விளிம்பில் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) கட்டையை முளையடித்து நிறுத்தி, அதற்குப் பின்னால் சரளை நிரப்பினால்தான் நிற்கும்.

இனிக் காட்டு விலங்கு. இதை மறைத்துவிட்டு நீலகிரியில் நடையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. கூடலூர், பந்தலூர் பக்கம் யானை நடமாடும் வழியாக இருந்தால், பிள்ளைகளை நடக்க விடாதீர்கள். அங்கே கேட்க வேண்டியது வண்டி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில், பள்ளி எட்டாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துக்கும் வழித்துணைக்குமாக ஆண்டுக்கு ஒருவருக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்க இடமிருக்கிறது. தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்துக்கு எழுதலாம். குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்கும் மாதங்களில் யானை மேலேறும். அந்த நாட்களில் வழக்கமான பாதையை விட்டுவிட வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் பார்ப்பது காட்டுமாடு. ஆள் பழகிப் போனதால் அது சாது என்று நினைத்துவிடுகிறோம். ஒரு டன் வரை எடையுள்ள அந்த உடம்பு, மேட்டில் நின்று கீழே ஓட முடிவெடுத்தால் நடுவில் இருப்பவருக்கு நேரம் கிடையாது. குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். கன்றோடு இருக்கும் பசுவும் தனியாகத் திரியும் காளையும் அதிக ஆபத்து. தலையைத் தாழ்த்தி மூச்சை உஸ்ஸென்று விட்டால் முகத்தைத் திருப்பாமல் பின்வாங்க வேண்டும். கல்லெறிவது, விசில் அடிப்பது, செல்ஃபி எடுப்பது எதுவும் கூடாது. அது போகும் பக்கத்தை மறிக்காமல் இருந்தால் பெரும்பாலும் அதுவே நகர்ந்துவிடும். கரடி அப்படியல்ல. தின்னும்போது தலையைப் புதைத்திருக்கும், திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால் பாயும். அதனால் கரடி உள்ள பாதையில் பேசிக்கொண்டே போவதும் கைதட்டிக்கொண்டு திரும்புவதும் நல்லது. சிறுத்தைக்குச் சின்ன உருவமும் தனியாகக் குனிந்திருப்பதும் ஈர்ப்பு. சின்னவர்களை நடுவில் விடுங்கள், வழியில் ஒதுங்க வேண்டுமானால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஓடவே கூடாது. பாதையோரம் குப்பை கொட்டும் இடம் இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. குப்பைக்கு நாயும் பன்றியும் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

அட்டை பெரிய விஷயமில்லை, ஆனால் சின்னப் பிள்ளை அழுது நடையே வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் அதனால்தான். காலுறையை பேன்ட்டுக்கு மேல் இழுத்துவிட்டு, அதன் மேல் உப்புக் கரைசல் அல்லது சோப்பு தடவினால் ஏறாது. ஏறியதை வெடுக்கென்று பிய்க்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும்; பஞ்சை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மேகம் இறங்கினால் ரோட்டில் எதிரே வருபவர் தெரியமாட்டார். கறுப்புக் குடையும் சாம்பல் நிற ஸ்வெட்டரும் அணிந்த பிள்ளை அதில் இல்லவே இல்லை என்றுதான் ஆகும். ஐந்து சென்டிமீட்டர் அகல ரிஃப்ளெக்டர் டேப்பைப் பையின் பின்புறம் மட்டும் ஒட்டுவது வழக்கம், அது போதாது. லோ பீம் வெளிச்சம் கீழேதான் விழும், அதோடு அசையும் பொருள்தான் கண்ணில் படும். இரண்டு பூட்ஸின் குதிகாலிலும் கணுக்காலிலும் ஒட்டினால் ஓட்டுநருக்கு மாறி மாறி மின்னும் இரண்டு புள்ளிகள் தெரியும். குடையைவிட ரெயின்கோட் மேல்; காற்றடிக்கும் வளைவில் குடை பிள்ளையை ரோட்டுப் பக்கம் இழுக்கும். ஆனால் ரெயின்கோட்டின் தலைமூடி தலையோடு சேர்ந்து திரும்பாவிட்டால் பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. அணிவித்து, "திரும்பிப் பாரு" என்று சொல்லிப் பாருங்கள். துணிதான் தெரிகிறது என்றால் நெற்றிக்கு மேல் ஒரு ஊக்கு குத்தி மடித்துவிடுங்கள். மலைப்பகுதி அரசுப் பள்ளிகளுக்கு அரசு தரும் ஸ்வெட்டர், ரெயின்கோட், பூட்ஸ் சில நேரம் அளவு மாறி வரும். வகுப்புக்குள் ஒரு நாள் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

மழை எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் வராது. கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2009 நவம்பரில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை விட்ட மறுநாள் சரிவு நிகழாது என்று எண்ண வேண்டாம். ஊறிய மண் மெல்லத்தான் அசையும். திட்டிலிருந்து சின்னக் கற்கள் உதிர்வது, தெளிந்த ஊற்று திடீரென்று செம்மண்ணாக வருவது, மரம் புதிதாகச் சாய்ந்திருப்பது தெரிந்தால் அந்தப் பாதையை மூடிவிட்டு மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள். ஓடையில் ஓடும் தண்ணீர் பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் இருந்தால் தாண்டக் கூடாது. ஆட்சியர் விடுமுறை அறிவிப்பு வருமுன்பே தூரத்துப் பிள்ளை கிளம்பிவிடும். எனவே போன் செய்தி முதலில் போக வேண்டியது கடைசி வீட்டுக்கு.

கூட்டமாக நடப்பதற்கு உலகம் முழுதும் நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்ட் 1990-களில் முன்வைத்தது. பஸ்ஸுக்கு இருப்பது போலவே நிறுத்தமும் நேரமும் வைத்து, ஒரு பெரியவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்க, வீடு வீடாகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவது. ஆறு வயது வரையுள்ளவர்களில் மூவருக்கு ஒரு பெரியவர், ஏழு முதல் ஒன்பது வயதுக்கு ஆறு பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. இங்கே உள்ள சிக்கல், இலை பறிக்கும் அம்மாக்கள் காலையில் பள்ளி நேரத்துக்கு முன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பது. தாத்தா, பாட்டி, ஓய்வுபெற்ற மேஸ்திரி, மகளிர் சுயஉதவிக் குழுவினர் என்று வாரத்துக்கு இருவர் மாற்றி மாற்றிப் பொறுப்பேற்கலாம். எட்டாம் வகுப்பு அண்ணன், அக்காவைப் பின்னால் துணைக்கு நிறுத்தலாம்; பெரியவருக்குப் பதிலாக நிறுத்தக் கூடாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வர வேண்டியிருக்கிறது. அட்டவணையை வகுப்பு நேரத்திலிருந்து கணக்கிடாமல், உப்புமா பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

நடைமுறையில் பிசகுவது இரண்டு இடங்களில். ஒன்று வேகம்: முன்னால் போகும் பெரியவர் தன் வேகத்தில் போவார், கூட்டம் அறுந்து போகும். மெதுவாக நடக்கும் பிள்ளையை அவருக்கு அடுத்தபடியாக விட்டால் கூட்டம் தானாக ஒட்டியிருக்கும். இரண்டாவது எண்ணிக்கை. சின்ன நோட்டில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணிக்கை எழுத வேண்டும். வராத பிள்ளை வீட்டிலேயே இருக்கிறதா, தாமதமாகி தனியாக ஓடி வருகிறதா என்பது அப்போதுதான் தெரியும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மட்டும் தனியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் எதுவாக இருந்தாலும் 1098 இருக்கிறது.

காரில் வரும் குடும்பங்களிடம் முழுத் தூரமும் நடக்கச் சொல்ல வேண்டாம், கேட்க மாட்டார்கள். பள்ளிக்கு 400, 500 மீட்டர் முன்பே, பள்ளி இருக்கும் அதே பக்கத்தில், பின்னால் வரும் பஸ்ஸை மறிக்காமல் நிற்கக்கூடிய ஒரு ஒதுக்கிடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே இறக்கிவிட்டால் நடைக்கூட்டம் வந்து சேர்த்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளில் தொடங்கலாம். நட்சத்திர அட்டவணை, பரிசு எல்லாம் வேண்டாம். தூரத்து ஹட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை எந்தத் தவறும் செய்யாமல் தோற்கும். ஏப்ரலில் சுற்றுலா வண்டிகள் பெருகும்போது கேட்டருகே நெரிசலில் நிற்கும் தந்தையர்தான் முதலில் ஒப்புக்கொள்வார்கள். அந்த நேரத்தில் பேசுங்கள்.

பைக்கு வருவோம். 2020-இல் வந்த பள்ளிப் பை கொள்கை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் அதில் பாதியைத் தின்றுவிடும். பள்ளியில் குடிநீர் இருந்தால் அரை லிட்டர் போதும். இறக்கத்தில் பை முன்னுக்குத் தள்ளுவதால் தோள்வார்களை மார்புக்கு முன்னால் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டுங்கள். நனையாமல் இருக்கப் பைக்கு வெளியே உறை போடுவதைவிட, உள்ளே புத்தகங்களை ஒரு தடித்த பாலித்தீன் பையில் சுற்றி வைப்பது மேல்.

கேட்க வேண்டியதை எல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வையுங்கள்; பேரூராட்சி, நகராட்சியாக இருந்தால் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1 ஆகியவை கிராம சபை நாட்கள். "பாதையைச் சீரமைக்க வேண்டும்" என்ற ஒற்றை வரி எங்கும் போகாது. எந்த வளைவு, எத்தனை மீட்டர், எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், என்ன வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியும் ஒரு படமும் இணையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி வழியாகக் கூடலூர் போகும் 181-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் இடங்களை ஊராட்சியிடம் கொடுத்துப் பயனில்லை. அவற்றை மட்டும் தனித்தாளில் எழுதி, நெடுஞ்சாலைத் துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுத்து, மனு ஏற்ற எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.